வண்டி போகாத சந்துகள்

1
இந்தக் கதை என் அக்காவுடையது. ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "உன்னையும் சேர்த்து எழுதுறதா இருந்தா எழுது" என்றாள். நான் இல்லாமல் தொடங்கிப் பார்த்தேன்:

'மழை தூறிய ஒரு காலையில், பள்ளிக்கூட வாசலில் ஓர் ஆம்புலன்ஸ்...'

மழையே பெய்யவில்லை. விடுங்கள்.

2
வேகம், தூரம், நேரம். புத்தகத்தில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வருகின்றன; அக்காவின் வகுப்பில் பாதிப் பேர் ரயிலேறியதில்லை. அதனால் அந்த வட்டாரத்து ஆம்புலன்ஸ் டிரைவரை அழைத்தாள்.

"மூணு கிலோமீட்டர். முப்பது வேகத்துல போனா எவ்வளவு நேரம்?" என்றார்.

"ஆறு நிமிஷம்" என்றார்கள் பிள்ளைகள்.

"கணக்குக்கு ஆறு. ரெண்டு வருஷம் முன்னாடி, ஸ்கூலுக்குப் பின்தெருவுல ஒரு வீட்டுக்குப் பதினேழு ஆச்சு. மேப்புல வழி இருந்துச்சு. போனா குறுக்கே இரும்புக் கேட்டு, பூட்டு. சுத்திக்கிட்டுப் போனேன்."

"அப்புறம்?"

"அவர் போயிட்டார்."

இறந்தவர் எங்கள் அப்பா. அன்று அக்கா பள்ளியில் இருந்தாள். வீட்டில் இருந்தவன் நான். "நடந்து வந்திருந்தாகூட சீக்கிரம் வந்திருப்பே" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தியவனும் நான்தான்.

(அதே டிரைவர் என்று தெரிந்துதான் அழைத்தாளா? மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் பேச்சை மாற்றினாள்.)

3
வகுப்பில் 'வாயாடி' என்று பெயரெடுத்த சிறுமி எழுந்தாள். "அந்தக் கேட்டு சாவி எங்க சித்தப்பாகிட்டதான் இருக்கு, மாமா. பக்கத்துல இஸ்திரிக் கடை. தட்டினா திறந்துடுவார்."

டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இத யாரும் எனக்குச் சொல்லலையேம்மா."

'அவர் கண்களில்...' இல்லை, அவர் கண்களை நான் பார்க்கவில்லை. அக்கா சொன்னது இவ்வளவுதான்: சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அதற்குப் பிறகு வகுப்பு அடங்கவில்லை. எந்தச் சாக்கடை மூடி வண்டியைத் தாங்காது, எந்தத் தெருவைக் காலையில் காய்கறிக் கடைகள் அடைத்துக்கொள்ளும், எந்த வளைவில் லாரி நிற்கும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அக்கா பலகையில் வரைந்திருந்த ரயில்களை அழித்தாள். பிள்ளைகள் ஒரு வாரம் நாடாவும் கையுமாகச் சந்துகளை அளந்தார்கள். கடைக்காரர்களைக் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். அந்த வரைபடம் இப்போது ஆம்புலன்ஸில் இருக்கிறது. போன மாதம் அதே தெருவுக்கு ஏழு நிமிடம். ஒரு பாட்டி பிழைத்துக்கொண்டார்.

4
முடிவு ஒன்று: இறந்தவர் எங்கள் அப்பா என்று அக்கா சொல்கிறாள், டிரைவர் உடைந்துபோகிறார். (எழுதி அடித்துவிட்டேன்.) முடிவு இரண்டு: அவருக்கு முதலிலிருந்தே தெரியும். (சினிமா.)

நடந்தது: அன்று வகுப்பு முடிந்ததும், "வந்ததுக்கு நன்றிங்க" என்று வாசல்வரை வந்து அனுப்பினாள். வீட்டுக்கு வந்து என்னிடம், "திட்டினது நீ. போய்ப் பேசுறதும் பேசாததும் உன் பாடு" என்றாள்.

ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றுதான் இதை எழுதுகிறேன். அவர் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். மன்னிப்புக் கேட்டால் எனக்கு மனம் ஆறும். ஆனால் அந்தப் பதினேழு நிமிடத்தை மறுபடியும் அவர் மடியில் போட்டதாகிவிடாதா? கேட்காவிட்டால், நான் கத்தியது அப்படியே அவரிடம் தங்கிவிடும்.

என் இடத்தில் நீங்கள் நின்றால் தெருவைக் கடப்பீர்களா?