ஞானேந்திரனின் ஓம்

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் முப்பதாம் திகதி, கனடாவின் கியூபெக் மாகாணத்து லாசாலில் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்துக்குள் வாக்குப் போடப் போன ஞானேந்திரன் வெளியே வந்தபோது அவரிடம் ஓம் என்ற சொல் இருக்கவில்லை. வீட்டுப் பூட்டின் திறப்பை எங்கேயோ விட்டுவிட்டவர் மாதிரி வாசலில் நின்று சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். வெளியே மகள் றொஷினியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற மனைவி யோசெப்பின், "போட்டாச்சோ?" என்று கேட்டா. அவர் வாயைத் திறந்தார், மூச்சுத்தான் வந்தது. இல்லை இருந்தது, வேண்டாம் இருந்தது, பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிற பேந்து பாப்பம் என்பதுகூடப் பத்திரமாக இருந்தது. ஓம் மட்டும் போய்விட்டது.

ஞானேந்திரனைப்போன்ற மன்னார் மனிசருக்கு ஓம் இல்லாமல் சீவிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆமாம் என்று சம்மதிக்க மட்டுமா அந்தச் சொல்? மற்றவர் கதைக்கக் கதைக்க நாங்கள் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டே இருப்போம். நீ சொல்வது சரி என்று அதற்கு அர்த்தமில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறன், மேலே சொல்லு என்றுதான் அர்த்தம். எங்களுக்குள் இதை ஒருவரும் ஒருவருக்கும் விளங்கப்படுத்துவதில்லை. வந்த வினையே அதுதான்.

டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையற்கூடத்தில் ஞானேந்திரனும் றெஜானும் ஒரே மேசையில் நின்று வேலை செய்தார்கள். றெஜான் அந்த மண்ணில் பிறந்த பிரெஞ்சுக்காரர், பெரிய மீசை, அதைவிடப் பெரிய வாய். ஞானேந்திரனுக்குப் பிரெஞ்சு படிப்பித்தது அவர்தான். அந்த ஊரில் கோபம் வந்தால் பூசைப் பாத்திரங்களின் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். அதைக் கேட்ட முதல் நாள், பக்தியான கத்தோலிக்கரான ஞானேந்திரன் பயந்துபோய்ச் சிலுவை போட்டுக்கொண்டார். பதிலுக்கு றெஜான் படித்த ஒரேயொரு தமிழ்ச் சொல் ஓம். பிரெஞ்சில் அது ஆம்பிளை என்ற சொல்லைப்போலக் கேட்கும் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். யோசெப்பின் கட்டிக்கொடுக்கும் மீன் கட்லட்டில் பாதியைத் தின்றுவிட்டு மீசையைத் துடைத்தபடி "ஓம், ஓம்" என்பார்.

கியூபெக் கனடாவைவிட்டுப் பிரிவதா இல்லையா என்று சனத்தைக் கேட்கப்போகிறார்கள் என்றான பிறகு றெஜான் கட்லட்டைப்பற்றிக் கதைப்பதை நிறுத்திவிட்டார். எங்கட பாசையை எங்கட வீட்டிலேயே ஒளித்துக் கதைத்த காலம் இருந்தது, என்ர தகப்பனைத் தொழிற்சாலையில் நாயைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார்கள், உனக்கு இதெல்லாம் சொல்லித்தான் தெரியவேணுமா என்று கண் கலங்கக் கதைத்தார். ஞானேந்திரன் சாப்பாட்டுத் தட்டை அடுக்கியபடி ஓம் என்றார். நீ எங்களோடதான் நிற்பாய் என்றார் றெஜான். ஞானேந்திரன் அதற்கும் ஓம் என்றார். எங்கட ஆள் ஒருவராக இருந்திருந்தால், மனிசன் கேட்டுக்கொண்டு நிற்கிறார் என்று விளங்கியிருக்கும். றெஜானுக்கு அது வாக்குறுதியாக விழுந்தது. அன்றைக்கு அவர் ஞானேந்திரனைக் கட்டிப்பிடித்தார்.

வாக்குச்சீட்டில் இரண்டு வட்டங்கள் இருந்தன. ஒன்று வுய், பிரிவோம் என்பதற்கு. மற்றது நொன், வேண்டாம் என்பதற்கு. மட்டை மறைப்புக்குப் பின்னால் ஞானேந்திரன் அழுதார். இதே கேள்வியை ஊரில் யாராவது மரியாதையாகக் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓம் என்றிருப்பார். அங்கே கேட்கவில்லை, சுட்டார்கள். இங்கே கேட்கிறார்கள், கையில் பென்சிலும் தருகிறார்கள். றெஜானின் தகப்பனை நினைத்தால் கை வுய் பக்கம் போனது. இரவில் வீட்டில் அடுத்த அறையில் றொஷினி நித்திரை கொள்வதை நினைத்தால் திரும்பி வந்தது. ஒரு நாடு உடைகிற சத்தத்தை அவர் ஏற்கெனவே கேட்டவர். பிள்ளை அதைக் கேட்கக்கூடாது. நொன் என்ற வட்டத்தில் புள்ளடி போட்டு, சீட்டை மடித்துப் பெட்டிக்குள் விட்டார். ஓம் அந்த நேரத்தில்தான் கழன்றிருக்கவேண்டும்.

மயிரிழையில் நொன் வென்றது. காசும் பிற இனத்தாரின் வாக்கும்தான் தங்களைத் தோற்கடித்தது என்று தோற்றவர்களின் மேடையில் சொன்னார்கள். அடுத்தநாள் காலை றெஜான் கேட்ட கேள்வி சின்னது. "நீ ஓம் எண்டனியெல்லோ?" ஞானேந்திரன் வாயைத் திறந்தபடி நின்றார். றெஜான் கட்லட்டைத் தொடாமல் அடுத்த மேசைக்குப் போனார், பிறகு அடுத்த வேலைநேரத்துக்கு மாறினார், பிறகு காணவில்லை.

வைத்தியர் தொண்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து ஒரு குறையுமில்லை என்றார். பங்குச் சுவாமியார் தொண்டை வருத்தக்காரருக்குச் செய்வதுபோலத் தொண்டையில் இரண்டு மெழுகுதிரியை வைத்துச் செபித்தார். ஒன்றும் சரிவரவில்லை. அடுத்த வருசம் யோசெப்பின் ரொறன்ரோவுக்குப் போக ஆயத்தமானா. தமக்கைமார் அங்கே, நல்ல வேலையும் அங்கே. "நீங்களும் வாறீங்கள்தானே? ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, காணும்." அவர் சரி என்றார். அந்த வீட்டில் சரி என்பது சம்மதமில்லை, சண்டையை முடிக்கிற சொல். யோசெப்பினுக்கு அது தெரியும். ஞானேந்திரனுக்கும் உள்ளுக்குள் ஒரு முள் இருந்தது. பிரியாதே என்று வாக்குப் போட்டவன் அடுத்த வருசமே மூட்டையைக் கட்டினால் அதற்கு என்ன பெயர்? மனிசியும் பிள்ளையும் பஸ் ஏறினார்கள். அவர் லாசாலில் நின்றுவிட்டார்.

பிறகு வருசங்கள் போயின. யோசெப்பின் ஞாயிறு பூசை முடியத் தொலைபேசி எடுத்து, வாறீங்களோ என்று கேட்பா, அவர் இருமுவார். மற்றச் சொந்தக்காரர் எடுத்தால் இந்தப் பக்கத்தில் ஓம் கேட்காதபடியால் லைன் அறுந்துவிட்டதென்று நினைத்து, ஹலோ, இருக்கிறியளோ, ஹலோ என்று கத்திவிட்டு வைத்துவிடுவார்கள். நாளடைவில் எடுப்பதையும் விட்டார்கள். றொஷினியின் கலியாணத்தில் மாப்பிள்ளை பிடிச்சிருக்கோ என்று கேட்டவர்களுக்கு அவர் பலகாரத்தட்டை நீட்டினார். பாவம் மனிசன், பெருமை பிடித்தவர் என்று பெயரெடுத்தார். வேலை முடிந்து ஓய்வும் எடுத்தார். குளிர்காலத்தில் கிழமைக் கணக்காக அவர் கதைத்தது கடைக்காரனோடு மட்டும், அதுவும் வணக்கத்துக்குப் பொஞ்சூர், நன்றிக்கு மெர்சி.

போன மார்கழியில் பங்கிலிருந்து கரோல் பாட ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனார்கள். ஞானேந்திரனும் பின்வரிசையில் போனார். ஓர் அறையைத் தாண்டும்போது உள்ளேயிருந்து "ஓம்" என்று கேட்டது. அவர் பாட்டை விட்டுவிட்டு அந்த அறைக்குள் ஓடினார். தொலைத்த பிள்ளையின் குரல் என்றால்கூட அப்படி ஓடியிருக்கமாட்டார். கட்டிலில் மீசை நரைத்த றெஜான் கிடந்தார். பக்கவாதம் வந்து கதைக்கிற சக்தி முழுக்கப் போய்விட்டது, இந்த ஒரு சொல்தான் மிச்சம் என்று தாதி சொன்னா. அவர் ஆம்பிளை, ஆம்பிளை என்று கூப்பிடுவதாக நினைத்து அவருக்கு ஆண் பணியாளர்களை மட்டுமே அனுப்புகிறார்களாம். ஆண்கள் குறைவு என்றபடியால் பாவம், அவர் குளிக்கக் காத்துக் கிடக்கிறாராம்.

தன்னுடைய சொல் ஞானேந்திரனுக்குத் தெரியாதா? நடுவில் கொஞ்சம் இழுபடுகிற அதே மன்னார் ஓம். தனக்குத் தரப்பட்டது என்று நம்பியவரிடம் அது போய்ச் சேர்ந்திருந்தது. அதில் பிழை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அது ஆம்பிளை இல்லை, எங்கட பாசையில் கேட்டுக்கொண்டிருக்கிறன் என்று அர்த்தம் என்று தாதிக்குச் சொன்னார். அடுத்தநாளிலிருந்து பின்னேரங்களில் அங்கே போய் இருந்தார். மட்டை மறைப்பு, இரண்டு வட்டம், பென்சில், றொஷினியின் நித்திரை எல்லாவற்றையும் றெஜான் படிப்பித்த பிரெஞ்சிலேயே சொன்னார். "நான் நொன் போட்டனான், றெஜான்." "ஓம்" என்றார் றெஜான். "உன்ர தகப்பனை நினைச்சனான். நினைச்சுக்கொண்டுதான் போட்டனான்." "ஓம்." கோபமா, மன்னிப்பா என்று தெரியவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார். ஞானேந்திரனுக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு ஞாயிறு பின்னேரம் அந்த அறையில் கைத்தொலைபேசி அடித்தது. யோசெப்பின். "இஞ்சருங்கோ, உங்களுக்கெண்டு வைச்ச கீழறையை றொஷினி வாடகைக்குக் குடுக்கப்போறாளாம். இனி நான் கேக்கமாட்டன், இதுதான் கடைசி. வாறீங்களோ?" அந்தக் கணத்தில் ஞானேந்திரனின் நாக்கு நுனியில் சூடாக ஏதோ வந்து இருந்தது. ஓம்! முழுசாக, அப்படியே. இனி உதட்டைத் திறந்தால் போதும். கட்டிலைப் பார்த்தார். றெஜானின் வாய் திறந்திருந்தது, ஒன்றும் வரவில்லை. கண் மட்டும் அங்குமிங்கும் தேடியது. அந்தத் தேடல் எப்படிப்பட்டதென்று இந்த உலகத்தில் தெரிந்தவர் ஞானேந்திரன் ஒருவர்தான். அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். நாக்கு குளிர்ந்தது.

"ஓம்" என்றார் றெஜான், தொலைபேசிக்குள் தெளிவாக விழும்படி.

அது புருசனின் குரலில்லை என்று யோசெப்பினுக்கு விளங்கியது. "ஆர் அது?"

"றெஜான்" என்றார் ஞானேந்திரன்.

"எங்கட கட்லட் தின்னுற றெஜானோ?"

"ஓம்" என்றார் றெஜான்.

யோசெப்பின் சிரித்தாவோ அழுதாவோ தெரியாது. "இவ்வளவு வருசமா அந்த ஒரு சொல்லைத்தானே கேட்டனான்" என்றா. "அது வரமாட்டுதெண்டால் அது இருக்கிற இடத்துக்கு நான் வாறன்."

பனி கரைய முதல் வந்துவிட்டா. பிரிவதா இல்லையா என்று மறுபடியும் அந்தக் கேள்வியைக் கேட்கப்போகிறார்களாம் என்று இல்லத்துத் தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். றெஜான் ஓம் என்கிறார். ஞானேந்திரன் தலையைச் சொறிகிறார், இன்னும் முடிவெடுக்கவில்லை. யோசெப்பின் சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து, உங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தட்டோ என்று புருசனைத்தான் கேட்பா. றெஜான் ஓம் என்பார். அவ இரண்டு பேருக்கும் ஊற்றுவா.