தன் பக்கத்துக் கோடு

நாகர்கோவிலில் உள்ள டென்னிஸ் கிளப்பின் பெண்கள் அணியில் செசிலியின் பெயரைப் பதிந்தபோது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. மஸ்கட்டில் நர்ஸாக இருந்த காலத்தில், ஆஸ்பத்திரிக் குடியிருப்புக்குள் இருந்த கோர்ட்டில் ஒரு பிலிப்பினோ தோழியோடு ஆடிப் பழகியவள். ஊருக்குத் திரும்பிய பிறகும் ராக்கெட்டை விடவில்லை. குளச்சலிலிருந்து விடியற்காலையில் ஸ்கூட்டரில் வந்து ஆடிவிட்டு வேலைக்குப் போவாள். கிளப்புகளுக்கிடையே நடக்கும் லீக்கில் ஆடப் பெண்கள் போதாமல், கிளப் செயலாளர் சுனிதாதான் அவளைக் கேட்டாள். மாவட்ட டென்னிஸ் சங்கத்திலிருந்து அவளுக்கென்று ஒரு வீராங்கனைப் பதிவு எண்ணும் வந்துவிட்டது.

சிக்கல் பயிற்சி ஆட்டத்தில் தெரிந்தது. இந்த லீக்கில் நடுவர் கிடையாது. தன் பக்கம் விழும் பந்து கோட்டுக்கு வெளியே போனால், அந்தப் பக்கம் நிற்பவர்தான் ‘அவுட்’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். செசிலிக்கு வாய் வரவில்லை. ஒரு முழம் தள்ளி விழுந்த பந்தைக்கூட ஓடிப்போய் எடுத்து அடித்தாள். வீட்டுக்கு வந்தவரிடம் சோறு தீர்ந்துபோனது என்று சொல்வது போல அவளுக்கு அது கூச்சமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளை அதட்டுகிறவள்தான். ஆனால் அது அவர்கள் நன்மைக்கு. இது தன் லாபத்துக்கு அல்லவா?

அவள் கணவன் ஆன்றோ துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிறவன். அவன் குரல் கட்டுமரம் வரை கேட்கும். அவன் அவளைச் சாயங்காலம் கடற்கரைக்கு அழைத்துப்போய், மணலில் குதிகாலால் கோடு கிழித்துப் பந்துகளை எறிந்தான். அவள் ‘அவுட்’ என்று முணுமுணுத்தாள்.

“ஏட்டி, எனக்கே கேக்கல்ல. வலைக்கு அந்தப் பக்கம் நிக்குதவளுக்கு எப்பிடிக் கேக்கும்?” என்றான் ஆன்றோ.

அவனிடம் சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. அவனிடம் எதையும் சத்தமாகச் சொல்வது அவளுக்குப் பழக்கம்தான்.

முதல் ஆட்டம் தக்கலையில். எதிரே ரெனிஷா என்ற கல்லூரி மாணவி. வந்ததும் “ஆன்டி” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அதோடு செசிலியின் குரல் மறுபடி தொண்டைக்குள் போய்விட்டது. பார்க்க வந்தவர்கள் வாய் திறக்கக் கூடாது என்று சுனிதா ஆன்றோவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். வெளியே விழுந்த பந்துகளைத் தன் மனைவி வாரி எடுத்து அடிப்பதைப் பார்த்துக்கொண்டு, அவன் தோள் துண்டை வாயில் கவ்வியபடி உட்கார்ந்திருந்தான். முதல் செட்டில் அவளுக்கு ஒரே ஒரு கேம்தான் கிடைத்தது.

பக்கம் மாறும்போது ரெனிஷா வலையருகில் நின்றாள்.

“ஆன்டி, கடைசிப் பந்து அவுட்டுதான?”

செசிலி தலையாட்டினாள்.

“எனக்கும் சந்தேகமா இருந்துது. நீங்க சொல்லாட்டி நான் எப்பிடி அடிக்கேன்னு எனக்குத் தெரியாம போவும். எனக்கும் தெரியண்டாமா?”

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். இதை இப்படி ஒருபோதும் யோசித்ததில்லை செசிலி. தான் விட்டுக்கொடுத்ததாக நினைத்தது அந்தப் பெண்ணுக்கு உதவியாக இருக்கவில்லை.

இரண்டாவது செட்டில் ஒரு பந்து கோட்டுக்குச் சற்றே வெளியே விழுந்தது.

“அவுட்!” என்றாள் செசிலி. நினைத்ததைவிடப் பெரிதாகவே வந்துவிட்டது. ரெனிஷா கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்த பந்தை உள்ளே இறக்கினாள். அவ்வளவுதான். யாருக்கும் மனம் நோகவில்லை. அதன் பிறகு செசிலிக்குப் பந்து மட்டுமே கண்ணில் பட்டது. நான்கு கேம்கள் எடுத்தாள். ஆனாலும் தோற்றாள்.

ரெனிஷா அவளைக் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு வருவீர்களா என்று கேட்டாள். தேவாலயத்தில் பூசை முடிந்து வருவதாகச் செசிலி சொன்னாள்.

ஆன்றோவின் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. “நாள் முழுக்க ஏலம் கூறினாகூட எனக்கு இந்தக் களைப்பு வராது,” என்றான்.

வண்டியில் திரும்பும்போது, அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து முதல் கேமிலிருந்து ஒவ்வொரு பந்தையும் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்திருந்தவன், அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே வண்டியை மெதுவாக ஓட்டினான்.