கடைசித் தோட்டாவுக்குப் பிறகு

மார்ச் 11, செவ்வாய்.

நேற்றைய குறிப்பில் ஒரு தவறு இருக்கிறது. “எட்டு மேகசின் சுட்டேன். எட்டு முறையும் ஸ்லைடு நிற்கவில்லை” என்று எழுதியிருக்கிறேன். நான் சுட்டது எட்டு அல்ல, பத்து. அந்த இரண்டை விட்டதால் இன்று பாதி நாள் வீணாயிற்று.

முதலில் துப்பாக்கியைப் பற்றி நியாயமாக எழுதிவிடுகிறேன். வாங்கி ஐந்து நாள் ஆகிறது. கைக்கு அடக்கம். பிடியின் சொரசொரப்பு வியர்த்த கையிலும் வழுக்கவில்லை. விசை கொஞ்சம் லேசாக வந்து, ஓர் இடத்தில் தடுத்து, பிறகு சுத்தமாக விடுகிறது. காவலர் பயிற்சி வகுப்பில் தரும் பழைய துப்பாக்கியைவிட உதைப்பு குறைவு. தோட்டா அடுக்கும் கூடான மேகசினில் கடைசி இரண்டைத் திணிப்பதற்குள் நகம் பெயர்ந்துவிடும் போலிருக்கிறது, ஆனால் அது புது ஸ்பிரிங்.

குறை ஒன்றுதான். கடைசித் தோட்டா போனதும் மேலே இருக்கும் ஸ்லைடு பின்னால் போய் அப்படியே நிற்க வேண்டும். காலியாகிவிட்டது என்று கைக்குத் தெரிவது அதனால்தான். என்னுடையது நிற்காமல் மூடிக்கொள்கிறது. அது தெரியாமல் மறுபடி விசையை இழுக்கிறேன். ‘டிக்’ என்கிறது.

வியாழக்கிழமை மாலை வகுப்பின் இறுதித் தேர்வு. சொந்தத் துப்பாக்கியில்தான் சுட வேண்டும், அட்டையில் அதன் எண்ணைப் பதிவார்கள். அதில் ஒரு பகுதி: ஆறு சுட்டு, காலியானதும் மேகசின் மாற்றி, இன்னும் ஆறு. பதினைந்து வினாடி. அந்த ‘டிக்’குக்கே மூன்று வினாடி போய்விடுகிறது. தேறினால் ஆயுதக் காவலர் அட்டையும், அணையின் மேல் வாசலில் வேலையும் கிடைக்கும். தவறினால் வகுப்பை முதலிலிருந்து படிக்க வேண்டும். துப்பாக்கி பழுது என்று கடைச் சீட்டைக் காட்டினால் தேர்வை ஜூனில் எழுதலாம். ஆனால் அதற்குள் அந்த வேலை என்னோடு படிக்கும் கோல்பி ஸ்ட்ரவுடுக்குப் போய்விடும், நான் கடைவளாகத்தில் கார்களுக்கு நடுவே டார்ச்சை ஆட்டிக்கொண்டிருப்பேன்.

நேற்று வகுப்பில் பக்கத்துத் தடத்தில் மெர்ல் டாலிவர் நின்றிருந்தார். வைக்கோல் வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு நாள் தவறாமல் சுடப் பழகும் ரேஞ்சுக்கு வருகிறவர். கேட்காமலே சொல்வார்.

“மணிக்கட்டு தொளதொளன்னு இருக்கு கண்ணு. அதான் நிக்கல.”

“இறுக்கித்தான் பிடிச்சிருக்கேன்.”

“உனக்கு அப்படித் தோணும். இங்க குடு.”

அவர் தன் தோட்டாக்களைப் போட்டுச் சுட்டார். ஸ்லைடு சொன்னபடி கேட்டு நின்றது.

“பாத்தியா? துப்பாக்கி தங்கம். கைதான் கோளாறு. இரும்பு வாணலி ஒண்ண எடுத்து தினம் காலைல இருபது தடவ தூக்கு.”

அவரையும் சேர்த்து நேற்று மட்டும் ஐந்து பேர் மணிக்கட்டு என்றார்கள். அதில் ஒருவர் வாடகைக் காதுமூடியைத் திருப்பித் தர வந்தவர், நான் சுட்டதைப் பார்க்கவே இல்லை. ஆசிரியர் ஹாஸ்கின்ஸ் என் தாளில் ‘மணிக்கட்டு’ என்று எழுதி இரண்டு கோடு போட்டார். இன்று காலை வாணலியை இருபது முறை தூக்கினேன். அதிலிருந்த முட்டையை முதலில் எடுத்திருக்கலாம்.

மூன்று மணிக்குக் கடைக்குப் போனேன். ரேஞ்சும் அதே கட்டடம்தான். கவுன்டரில் வெர்னா பிக்கெட் உலர்ந்த மாட்டிறைச்சியைக் கத்தியால் சீவித் தின்றுகொண்டிருந்தாள்.

“சுட்டத திருப்பி எடுத்துக்க மாட்டோம் ரீவா. கம்பெனிக்கு அனுப்பலாம், மூணு வாரம் ஆகும். வண்டி நாலு மணிக்கு வந்துரும்.”

“அனுப்பிடுங்க.”

“வியாழக்கிழம தேர்வு?”

“ஜூன்ல எழுதிக்கறேன்.”

“அப்ப மேல் வாசல் கோல்பிக்கா? கார் சாவிய கார்லயே வெச்சு மாசம் ரெண்டு தடவ பூட்டுறவன் அவன். அணைய அவன்கிட்டயா குடுக்கப் போறாங்க?”

அவள் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தாள், நான் படிவத்தை நிரப்பினேன். எத்தனை மேகசினில் எத்தனை முறை பழுது? எட்டில் எட்டு. மொத்தம் எத்தனை தோட்டா சுட்டீர்கள்? இரண்டு பெட்டி, நூறு. மேகசினுக்குப் பத்து. எட்டுக்கு எண்பது. வீட்டுக்கு ஒரு தோட்டாவும் கொண்டுபோகவில்லை.

“இருபது குறையுது,” என்றேன்.

“குறையட்டும். கையெழுத்துப் போடு.”

“எங்க போச்சுன்னு தெரியாம எப்படிப் போடறது?”

“உன்னக் கட்டிக்கப் போறவன் பாவம்.”

குறிப்பேட்டைப் புரட்டினேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. வகுப்பு முடியும்போது ஹாஸ்கின்ஸ் எல்லோரையும் வலது கையால் மட்டும் இரண்டு மேகசின் சுடச் சொன்னார், ஒரு கை அடிபட்டுவிட்டால் என்ன செய்வது என்பதற்காக. என் குண்டுகளில் பாதிக்கு மேல் இலக்குத் தாளிலேயே படவில்லை. அந்த வெட்கத்தில் எழுதாமல் விட்டிருக்கிறேன். ஆனால் ஸ்லைடு? இரண்டு முறையும் திறந்தபடிதான் மேசையில் வைத்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மணிக்கட்டுதான் காரணம் என்றால், ஒற்றைக் கையில் இன்னும் மோசமாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

“பெட்டியக் குடுங்க.”

“ஒட்டியாச்சு.”

“பிரிங்க.”

இறைச்சி சீவிய கத்தியாலேயே பிரித்தாள்.

நான்காம் தடம். வலது கை மட்டும்: நின்றது. இரு கை: நிற்கவில்லை. மறுபடி வலது கை: நின்றது. துப்பாக்கியைக் காலி செய்து, இரு கையால் பிடித்து, அசையாமல் அப்படியே பார்த்தேன். ஸ்லைடைத் தடுத்து நிறுத்த ஒரு சின்ன இரும்பு நாக்கு மேலே எழும்ப வேண்டும். என் இடது கட்டைவிரல் அதன் மேல் சொகுசாகப் படுத்திருந்தது. வகுப்புத் துப்பாக்கியில் அந்த நாக்கு வேறு இடத்தில் இருக்கிறது, விரல் எட்டாது. மெர்லுக்கோ இடது கட்டைவிரலில் பாதியை வைக்கோல் கட்டும் இயந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது. அந்தக் கதையை எனக்கே மூன்று முறை சொல்லியிருக்கிறார். ஐந்து பேரில் ஒருவர்கூட என் விரலைப் பார்க்கவில்லை. விரல் என்னுடையது. நானும் பார்க்கவில்லை.

விரலைக் கீழே மடித்து ஐந்து மேகசின் சுட்டேன். ஐந்து முறையும் நின்றது. மெர்ல் வந்து எட்டிப் பார்த்தார்.

“நிக்குதே. வாணலி தூக்கினியா?”

“தூக்கினேன்.”

“சொன்னேன்ல?”

விரலைப் பற்றிச் சொன்னால் அதற்கும் ஏதாவது சொல்வார். தாளைக் கழற்றி எண்ணத் தொடங்கினேன்.

சந்தோஷப்பட இன்னும் நேரம் வரவில்லை. விரல் மடங்கியதால் பிடி மாறிவிட்டது, குண்டுகள் இடப்பக்கம் ஒதுங்குகின்றன. தேற ஐம்பதுக்கு நாற்பது வேண்டும். இன்று முப்பத்தாறு. அவசரப்பட்டால் விரல் தானாகவே பழைய இடத்துக்கு ஏறப் பார்க்கிறது.

“படிவத்த என்ன பண்றது?” என்றாள் வெர்னா.

“கிழிச்சுடுங்க.”

“அப்ப ஜூன்?”

“வியாழன்.”

நாளை: மாலை ஐந்தரை, நான்காம் தடம், ஐந்து மேகசின். இடது கட்டைவிரல் கீழே. தாளில் படாதவற்றையும் எண்ணி எழுத வேண்டும்.