பழனியாண்டி மாமாவும் ஓஆர்எம்மும்

தர்ஷனுக்கு இரண்டு தலைவலி. ஹட்டன் ஆபீஸில் அவன் எழுதிய புரோகிராம், தேயிலைத் தோட்டத்தில் பறித்த கொழுந்தின் எடையைக் காட்டுவதற்குள் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிடலாம். பக்கத்து மேசை சுலக்ஷனாவை வட்டவளையிலிருந்து ஒருத்தன் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறான். இந்த இரண்டாவதுதான் அவன் உயிரை வாங்கியது.

கை எட்டும் தூரத்தில் இருப்பவளிடம் வாயைத் திறப்பானா? மாட்டானே! பெரியவர்கள் வழியாகப் போவதுதான் மரியாதை என்று, பழனியாண்டி மாமாவைக் கந்தப்பளையில் அவள் வீட்டுக்குப் பெண் கேட்க அனுப்பினான். மாமாவோ ஒரு பயணத்துக்கு ஒரு கேள்விதான் கேட்பார். பூர்வீகம் கேட்க ஒரு பஸ், சொந்தபந்தம் கேட்க இன்னொரு பஸ். போகிற இடத்தில் வடை கிடைக்கும்போது மனுஷன் ஏன் அவசரப்படுவார்? திரும்பி வந்து ஆபீஸ் வாசலில் நின்று, அவர்கள் வீட்டு மாடு எத்தனை போத்தல் பால் கறக்கிறது என்பதுவரை ஊருக்கே கேட்கிற மாதிரி ரகசியம் சொல்வார்.

வெள்ளிக்கிழமை சுலக்ஷனா அவன் புரோகிராமை எட்டிப் பார்த்தாள். டேட்டாபேஸோடு நேரில் பேசாமல் ஓஆர்எம் என்கிற மென்பொருள் தரகனை நடுவில் வைத்திருந்தான். எழுதுகிறவனுக்குச் சுகம்தான். ஆனால் அந்தத் தரகன் ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனித்தனியாகப் போய், எடையை மட்டும் கேட்டால் பேர், குடியிருக்கும் லயம், பிறந்த தேதி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வந்தான். அந்த ஒரு இடத்தில் மட்டும் அவள் டேட்டாபேஸிடம் நேராக, ஒரே கேள்வியாகக் கேட்டு எழுதினாள். கண்மூடித் திறப்பதற்குள் மொத்த எடையும் வந்துவிட்டது.

தர்ஷனுக்கு உறைத்தது. அட மடையா என்று தன்னையே திட்டிக்கொண்டான். மாமா அப்போதும் குலதெய்வம் கேட்கக் கந்தப்பளை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்.

"சுலக்ஷனா, என்னைய கட்டிக்க உங்களுக்கு இஷ்டமா?"

"இஷ்டந்தான். இத கேக்கவா இவ்வளவு நாளு?"

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. மாமாவைத் திரும்பி வரச் சொல்ல ஃபோனை எடுத்தான். அவள் தடுத்தாள்.

"அவரு போகட்டும். நீங்க நேரா போய் நின்னா எங்கப்பா கால ஒடச்சிருவாரு. ஆனா இன்னைக்காவது பொண்ணு கேட்டு வந்திருக்கேன்னு சொல்லச் சொல்லுங்க. எங்க வீட்டுல அவர மாடு வாங்க வந்த ஆளுன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க."