லேண்ட்லைனில் உதிர்ந்த மல்லாட்டைத் தோல்

திண்டிவனத்தில் ருக்குவின் வீட்டு டெலிபோனுக்கு யார் பேசினாலும், பேசுகிறவரைச் சுற்றிக் கிடப்பதில் ஒரு சிட்டிகை, ரிசீவரில் காது வைக்கும் பக்கத்துத் துளைகள் வழியாக இந்தப் பக்கம் உதிரும். 1993ஆம் வருஷம் ஆடி மாதம் இணைப்பு வந்தது. முதலில் பேசியவள் உப்பளங்கள் சூழ்ந்த மரக்காணத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த ருக்குவின் தங்கை தையல்நாயகி. உதிர்ந்தது உப்பு. ருக்குவின் கணவர் கண்ணையன், புதுசாக வந்த பொருளிலேயே கோளாறா என்று பதறிப்போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார். வந்த லைன்மேன் ரிசீவரைத் திருகிக் கழற்றி, ஊதி, தட்டி, மறுபடி மாட்டி, எக்ஸ்சேஞ்சுக்குப் பேசிப் பார்த்தார். அவர் காதோரம் கொஞ்சம் விபூதி கொட்டியது. "லைன் கிளியரா இருக்குதுங்க. கொட்றதுக்கெல்லாம் எங்ககிட்ட கம்ப்ளைண்ட் எடுக்க மாட்டாங்க" என்று சொல்லி, விபூதியை நெற்றியில் இட்டுக்கொண்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

அந்தத் தெருவுக்கே அப்போது அது ஒன்றுதான் டெலிபோன். ஆகவே தெருவில் உள்ள எல்லோருடைய கல்யாணப் பத்திரிகையிலும் விண்ணப்பத்திலும் அக்கம்பக்கத்து போன் என்பதற்கு அடையாளமாக பி.பி. என்று போட்டு ருக்குவின் வீட்டு நம்பர்தான் இருந்தது. போன் வந்திருக்கிறது என்று ஆள் அனுப்பினால், வருகிறவர்கள் கையோடு ஒரு தட்டையோ முறத்தையோ எடுத்து வந்து காதுக்குக் கீழே பிடித்துக்கொண்டு பேசப் பழகிவிட்டார்கள். எதிர்வீட்டுச் சீனுவாசனுக்குத் துபாயிலிருந்து மகன் பேசும்போதெல்லாம் மணல் வரும். வெளிநாட்டு மணலை வீணாக்கக் கூடாது என்று அதை ரோஜாத் தொட்டியில் போட்டார். ரோஜா ஒரே மாதத்தில் பட்டுப்போனது. இந்த விஷயத்தில் தெரு தானாகவே ஒரு மரியாதையை வகுத்துக்கொண்டது. ஒருவருக்கு வந்த போனில் என்ன உதிர்ந்தது என்று இன்னொருவர் எட்டிப் பார்க்கக் கூடாது. பேசியவரிடமும் அதைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது. அடுத்தவர் இலையில் என்ன விழுந்திருக்கிறது என்று பார்ப்பதைப் போன்ற அநாகரிகம் அது என்று ருக்கு சொல்வாள். தன் மகன் விஷயத்தில்கூட அவள் அந்த மரியாதையை மீறவில்லை.

மகன் பார்த்திபன் விழுப்புரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கெழுதப் போனான். கடையிலிருந்து அவன் பேசினால் சிமெண்ட் தூளும், ஆணித் துருவும், தரைக்குப் போடும் சிவப்புக் காவிப் பொடியும் கலந்து உதிரும். கண்ணையன் காலமான பிறகு அந்தத் தூளைக் கூட்டித் தள்ளுவதுதான் ருக்குவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் முக்கியமான வேலையாக இருந்தது. 2001இல் அவனுக்குக் கல்யாணமானது. பெண் சங்கவி. தூரத்து ஊர்க்காரியும் இல்லை, மூன்று தெரு தள்ளி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்யும் விருத்தாசலத்தின் ஒரே மகள்.

அடுத்து வந்த பொங்கலுக்குத்தான் வினை வந்தது. சமையலறையில் உப்பு ஜாடியைத் திறந்த சங்கவி, அது தையல்நாயகி சித்தி பேசிப் பேசிச் சேர்ந்த உப்பு என்று கேள்விப்பட்டதும், "போன்ல கொட்டன உப்பை யாருங்க திம்பாங்க" என்று கொல்லையில் கொட்டிவிட்டாள். ருக்கு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடையில் உப்பு வாங்கி வரச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள். அவள் பேசாமல் இருந்ததுதான் சங்கவிக்குப் பொறுக்கவில்லை. அன்று மாலை கிளம்பியவள் அப்புறம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. இதில் யார் பக்கமும் நிற்கத் துப்பில்லாதவன் பார்த்திபன். அம்மாவிடம் தனியாகப் போனால் "சங்கவி எங்கடா" என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். மனைவியை வற்புறுத்திக் கூட்டிப் போனால் வீடு இரண்டாகும். போகாமலே இருந்துவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை என்று அவன் கணக்குப் போட்டான். கணக்கு எழுதுகிறவன் போட்ட கணக்கு அது.

விருத்தாசலத்துக்கு முழங்கால் வலி வந்து நடக்க முடியாமல் போனதால், மாதம் ஒருமுறை சங்கவி பிறந்த வீட்டுக்கு வருவாள். பார்த்திபனும் கூட வருவான். பஸ் ஸ்டாண்டு வரை போனால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று மேம்பாலத்துக்கு முன்பே இறங்கி, சந்து சந்தாக நுழைந்து மாமனார் வீட்டுக்குப் போவான். அங்கே ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் பண்ண வேண்டிய நேரம் வரும். சும்மா பேசினால் அந்த வீட்டில் கிடப்பதல்லவா அங்கே உதிரும். அதனால் விழுப்புரத்திலிருந்து கிளம்பும்போதே கடைக் காவிப் பொடியில் ஒரு பிடி எடுத்துப் பொட்டலம் கட்டிப் பையில் வைத்துக்கொள்வான். மாமனார் வீட்டு மாடிக்குப் போய், பொட்டலத்தைப் பிரித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "கடையிலதாம்மா இருக்கேன், ஸ்டாக் எடுக்கறாங்க, இந்த வாரம் வர முடியாது" என்பான். மூன்று தெருவுக்கு அந்தப் பக்கம் காவிப் பொடி உதிரும். "சரிப்பா, வேளைக்குச் சாப்புடு" என்பாள் ருக்கு. மாரியம்மன் கோயில் திருவிழா சமயத்தில் ஒருமுறை, அம்மாவின் வீட்டு வாசலில் அடிக்கும் மேளச் சத்தம் போனிலும் கேட்டது, மாடி ஜன்னல் வழியாகவும் கேட்டது. அவசரமாக ஜன்னலைச் சாத்தினான். அன்று ராத்திரி அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அடுத்த மாதம் பொட்டலம் கட்டினான்.

வருஷங்கள் இப்படியே ஓடின. தெருவில் எல்லோர் கையிலும் செல்போன் வந்தது. முறத்தோடு வருகிறவர்கள் நின்றுபோனார்கள். பார்த்திபன் அம்மாவுக்கும் ஒரு செல்போன் வாங்கி அனுப்பினான். செல்லுக்குச் செல் பேசினால் எதுவும் உதிராது என்பதைக் கண்டுபிடித்த பிறகுதான் வாங்கினான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ருக்கு அதை இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமே வர மாட்டேங்குதுப்பா" என்று பீரோவுக்குள் போட்டுவிட்டாள்.

2014இல் அவனுக்கு வழி பிறந்தது. அம்மாவின் வீட்டு மாடியில் குடியிருந்த சந்தோஷ் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். லேண்ட்லைனோடு சேர்ந்து வந்த பழைய பிராட்பேண்டு ஆமையாக நகர்கிறது, புதுசாக ஒரு கம்பெனிக்காரர்கள் கேபிள் இழுக்கிறார்கள், மாற்றிக்கொள்ளலாமா என்று பார்த்திபனைக் கேட்டான். புது இணைப்புக்கு லேண்ட்லைன் தேவையில்லை, வேண்டுமானால் பழையதைத் தனியாக வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னான். பார்த்திபனுக்குத் தலைக்கு மேலிருந்த பாரம் இறங்கியது போலிருந்தது. இனிமேல் பொட்டலம் வேண்டாம், ஜன்னல் சாத்த வேண்டாம். இவ்வளவு முக்கியமான விஷயத்தை நேரில்தான் முடிக்க வேண்டும் என்று, பல வருஷங்களுக்குப் பிறகு அம்மாவின் வீட்டுக்கு வாசல் வழியாகவே வந்தான். சங்கவியை வழக்கம்போல மாமனார் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தான். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. விழுப்புரத்திலிருந்து நேராக வருவதாகச் சொன்னான்.

கம்பெனி ஆள் சின்னதுரை ஏணி போட்டுக் கேபிளை இழுத்து, டெலிபோன் இருந்த ஸ்டூலிலேயே புது மோடத்தையும் வைத்தான். "அந்தக் காலத்து லைனும்மா இது, யாரு இதுல பேசறாங்க இப்ப" என்று பார்த்திபன் மெதுவாக ஆரம்பித்தான். "நீ பாத்து எது செஞ்சாலும் சரிப்பா" என்றாள் ருக்கு. அந்த நேரம் பார்த்து டெலிபோன் மணி அடித்தது. பார்த்திபன் தன் செல்லைச் சைலன்ட்டில் போட்டிருந்தான். நாலைந்து தடவை கூப்பிட்டுப் பார்த்த சங்கவி, வேறு வழியில்லாமல் பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்த நம்பருக்குப் போன் போட்டிருந்தாள்.

"யாரு, சங்கவியா? நல்லா இருக்கியாம்மா? அப்பாவுக்கு முட்டி தேவலையா? இருக்கான், சாப்டுட்டு வருவான்" என்று ருக்கு சர்வ சாதாரணமாகப் பேசிவிட்டு வைத்தாள். அவள் மடி முழுக்கச் சிவப்பாக, மெல்லிசாக, மல்லாட்டைத் தோல் உதிர்ந்து கிடந்தது. விருத்தாசலத்தின் வீட்டில் தரை, பாய், சோற்றுத் தட்டு எல்லாவற்றிலும் பறக்கும் தோல். பார்த்திபன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். ருக்கு எழுந்து புடவையை உதறினாள்.

"நீ பேசறப்பவும் இது வரும்பா. கடையில இருந்து பேசனா துரு, சிமெண்டு, எல்லாம் கலந்து வரும். மாசத்துல ஒரு வாட்டி காவி மட்டும் தனியா வரும், கூடவே இந்தத் தோலு. நிச்சயதார்த்தத்துக்குப் போன அன்னிக்கு அந்த வூட்ல பொடவை பூரா ஒட்டிக்கினு வந்துதே, எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏம்மா கேக்கல?"

"நீ அவ்ளோ தூரத்துல இருந்து பொட்டலம் கட்டி எடுத்துக்கினு வந்து போடறே. கேட்டா உனுக்கு பேஜாரா பூடும்னு வுட்டுட்டேன்." அவள் தரையில் விழுந்த தோலைக் காலால் ஓரமாக ஒதுக்கினாள். "தோலு வுழுந்தா, புள்ள ஊருலதான் இருக்கான், மூணு தெரு தள்ளி படுத்துக்கினு இருக்கான்னு நெனச்சுப்பேன். அன்னிக்கு நல்லா தூக்கம் வரும்."

திட்டியிருந்தால் பார்த்திபன் தாங்கியிருப்பான். நாற்பது வயதுக்காரன், கடையில் பத்துப் பேரை அதட்டுகிறவன், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மோடத்தில் மினுக்கும் பச்சை விளக்கைப் பார்த்தான். தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஏமாற்றியதைவிட, ஏமாந்தவள் போல இத்தனை வருஷம் அவள் நடித்துக் கொடுத்ததை நினைக்கத்தான் அவமானம் பிடுங்கித் தின்றது. ஏணியிலிருந்து இறங்கிய சின்னதுரை, "சார், பழைய லைன வச்சுக்கறீங்களா, எடுத்துடலாமா?" என்று கேட்டான்.

"இருக்கட்டும்" என்றான் பார்த்திபன். குரல் அவனுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னான். அதற்கு மேல் அம்மாவின் முகத்துக்கு நேராக நிற்க முடியாமல், சிக்னல் இல்லை என்று எதையோ முனகிக்கொண்டு செருப்பை மாட்டி வெளியே போனான். தெருமுனை டிரான்ஸ்பார்மர் வரை நடந்தான். அங்கே நின்று, முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைச் சொல்வதற்காக அந்த நம்பருக்குப் போன் போட்டான். ருக்கு எடுத்தாள். முதலில் கொஞ்சம் தெருப்புழுதி உதிர்ந்தது.

"இங்கதாம்மா இருந்தேன். எல்லா வாட்டியும் இங்கதான் இருந்தேன்" என்றான்.

ரிசீவரின் துளைகளிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. ருக்கு உள்ளங்கையை நீட்டிப் பிடித்தாள். கை நிறைந்து முழங்கை வழியாக ஒழுகியது. "தெருவுல நின்னுக்கினு எதுக்குடா அழுவறே, நாலு பேரு பாக்கறாங்க. உள்ள வா" என்றாள்.

"மோடத்துல தண்ணி படுதும்மா, கொஞ்சம் தள்ளி வையிங்க" என்றான் சின்னதுரை, ஒயரைச் சுருட்டிக்கொண்டே. அவள் மோடத்தை ஜன்னல் பக்கம் நகர்த்திவிட்டு, அது இருந்த இடத்தில் ஒரு சொம்பை வைத்தாள். பார்த்திபன் வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரத் துணியாமல் அங்கேயே நின்றான். ருக்கு அவனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். சொட்டுவது நிற்கும் வரை ரிசீவரைக் கீழே வைக்கவில்லை.