கார்ப்பெட்டுக்கு அடியில் ஒரு வயர்

ஞாயிறு ஆராதனையில் பாடுகிற ஐந்து பேரில் நான் கடைசியாக நிற்பவள். மகள் காய்ச்சலில் போன பிறகு, அழுது அழுது உடைந்த தொண்டை எனக்குச் சரியாகவே இல்லை. ஜெபமும் வரவில்லை. கண்ணை மூடினால் ஆஸ்பத்திரி வராந்தாதான் வந்து நிற்கும். "எல்லாம் நன்மைக்குத்தான்" என்று ஆறுதல் சொன்ன புண்ணியவதி ஒவ்வொருத்தியின் பிள்ளையும் வீட்டில் பத்திரமாக இருந்தது.

எனக்கு மிஞ்சியது ஒரு பாட்டு. அதிலும் ஒரே ஒரு வரி: "வாயடைத்து நின்றாலும் என் குரலை நீர் கேட்பீர்." மற்ற வரிகளை வாய் பாடிக்கொண்டு போகும், அந்த வரியை மட்டும் நான் பாடுவேன். வாரமெல்லாம் துணிக்கடையில் நின்று துணி மடிப்பதே அதற்காகத்தான் என்று தோன்றும். நம்பிக்கை என்று சொல்ல மாட்டேன். விழாமல் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை மேடையைப் பெருக்கக் கார்ப்பெட்டைத் தூக்கினேன். மற்ற நான்கு மைக்குகளின் வயர்களும் சவுண்ட் பெட்டிக்குள் செருகியிருந்தன. என்னுடையது மட்டும் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, அடியில் கிடந்தது. ரப்பர் பேண்ட் இற்றுப்போய் வயரோடு ஒட்டியிருந்தது. நேற்று முந்தாநாள் செய்த வேலை இல்லை.

சவுண்ட் பார்ப்பது என் சொந்தத் தம்பி. நான் தூக்கி வளர்த்தவன்.

"என்னடா இது?"

தலையைச் சொறிந்தான். "பாஸ்டரம்மா சொன்னாங்கக்கா. உன் குரல் மத்தவங்களையும் கெடுக்குதாம். பாட வேணாம்னா நீ உடைஞ்சு போயிடுவ. அதான் மைக் இருக்கட்டும், வயர் மட்டும் வேணாம்னாங்க."

"எப்போலருந்து?"

"பாப்பா போனப்புறம் நீ முதல்ல வந்து பாடினியே, அதுக்கு அடுத்த வாரத்திலருந்து."

"யார் யாருக்குத் தெரியும்?"

"உன்னைத் தவிர எல்லாருக்கும்."

வாராவாரம் என் கையைப் பிடித்து, "இன்னைக்கு உங்க குரல் மனசைத் தொட்டுச்சு சிஸ்டர்" என்பாளே என் பக்கத்தில் நிற்பவள், அவளுக்கும்தான். வயரை இருந்தபடியே விட்டு, கார்ப்பெட்டை இழுத்து மூடினேன்.

மறுநாள் அந்தப் பாட்டு வந்தது. அந்த வரியும் வந்தது. எல்லோரும் கைகளை உயர்த்தினார்கள். நான் வழக்கம்போல் சிரித்த முகமாகச் செத்த மைக்குக்கு அருகில் வாயைக் கொண்டுபோய்ச் சொன்னேன்:

"பொய். நீ கேக்கல. என் புள்ள மூச்சுக்குத் தவிச்சப்போ அப்படிக் கத்தினேனே, அப்போ எங்க போய்த் தொலைஞ்ச?"

என் குரல் பின்சுவரில் மோதித் திரும்பி வந்தது.

தம்பியைப் பார்த்தேன். கட்டைவிரலை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தான். மனசு கேட்காமல் காலையிலேயே வந்து வயரைச் செருகியிருக்கிறான், பாவி. அக்காவுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று. விரல் அப்படியே நின்றது. சிரிப்பு மட்டும் போய்விட்டது.

பாட்டு நின்றது. பாஸ்டரம்மா வந்து என் தலையை அழுத்திப் பிடித்தார்கள். "இது சிஸ்டர் பேசல. உள்ள இருக்கிற பிசாசு பேசுது. எல்லாரும் கையை நீட்டி ஜெபம் பண்ணுங்க."

நீட்டினார்கள். என் குரலை மெச்சியவள்தான் என் தோளை நசுக்கினாள்.

"கர்த்தர் கேட்டார்னு மைக்ல சொல்லுங்க சிஸ்டர். சொன்னாத்தான் விடுதலை" என்றார்கள் பாஸ்டரம்மா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகள் போன பிறகு நான் கர்த்தரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். இல்லாத ஆளை எவளும் இப்படித் திட்ட மாட்டாள். இத்தனை நாள் கட்டிக்கொண்டு அழுத வரிக்கு அன்றுதான் அர்த்தம் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

"கேட்டாரு," என்றேன்.

"அல்லேலூயா!" என்றது கூட்டம்.

"நான் கத்தினது அத்தனையும் அவரு காதுல விழுந்துச்சு. கேட்டுட்டுத்தான் சும்மா இருந்தாரு."

பாஸ்டரம்மா கையைக் காட்டினார்கள். தம்பி ஓடிவந்து என் காலடியில் குனிந்து, முகத்தைப் பார்க்காமல் வயரைப் பிடுங்கினான். நான் நிறுத்தவில்லை. உடைந்த தொண்டையோடு மேலே பார்த்து, கேட்டுக்கொண்டிருக்கிறவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். கீழே தம்பி வயரைப் பக்குவமாகச் சுருட்டி, சட்டைப் பையிலிருந்து புது ரப்பர் பேண்ட் எடுத்துப் போட்டான்.