சிங்கப்பூர்ச் சீலை

எண்பத்தாறில் எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் சிங்கப்பூர் போகிறார் என்றால் சொந்தக்காரர்களுக்குத் தூக்கம் போய்விடும். என் அண்ணன் தனுஷ்கோடி ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் ஃபிட்டர். முதலாளி புது மெஷின் பார்க்கக் கிளம்பியபோது அவனையும் கணக்குப்பிள்ளை சீனிச்சாமியையும் கூட்டிக்கொண்டு போனார். சேதி தெரிந்ததும் ஒருத்தர் கைக்கடிகாரம் கேட்டார், ஒருத்தர் டார்ச் லைட் கேட்டார், எங்கள் சித்தப்பா வெட்கமில்லாமல் தலைக்குப் போடும் கறுப்புச் சாயம் கேட்டார். அண்ணன் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினான். இப்போது அவன் இல்லை. இருந்தால் இதை எழுத விட்டிருக்க மாட்டான்.

நான் எதுவும் கேட்கவில்லை. அப்பா அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அண்ணன்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாக்கப்பட்டுக் கிடக்கிற தங்கச்சிக்கு ஒரு சீலை எடுப்போம் என்று அவனாக நினைக்கவேண்டும். வாய்விட்டுக் கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது?

நினைத்திருக்கிறான். ஊர் வந்த மறுநாளே டவுன் பஸ்ஸில் வந்து கொடுத்துவிட்டுப் போனான். மயில்கழுத்து நிறம், கையில் நிற்காமல் வழுக்கும் சீலை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டு அய்யம்மாளைக் கூப்பிட்டு அவள் முன்னால் உதறிப் பிரித்தேன். முந்தியின் ஓரத்தில் மஞ்சள் இருந்தது.

புதுத்துணி ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைக்காமல் எங்கள் வீடுகளில் யாரும் உடுத்தமாட்டோம். மஞ்சள் இருந்தால் யாரோ உடுத்தியாயிற்று என்று அர்த்தம். முகர்ந்து பார்த்தேன், பவுடர் வாசனை. இஸ்திரி போட்டும் போகாத கசங்கல் வேறு. அய்யம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று நழுவினாள். எனக்குச் சந்தேகமே இல்லை. மதினி பாலம்மாள் கட்டிப் பார்த்திருக்கிறாள். பிடிக்கவில்லை, என் பக்கம் தள்ளிவிட்டாள். அண்ணனும் அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

என் வீட்டுக்காரர் ஆண்டிச்சாமியிடம் மட்டும் சொல்லி அழுதேன். அவர் ரேஷன் கடையில் எடை போடுகிறவர். எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தெரியாது.

"இந்த ஊர்ல சூடிக் குடுத்தாத்தான பெருமை? நீ என்னட்டி மூஞ்சியத் தூக்குத?" என்றார்.

அந்தக் கேலி என்னை இன்னும் கிளப்பிவிட்டது. தையில் மகனுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்தவேண்டும். "உங்க பெரியப்பா மகன் மாரிச்சாமி மடி குடுக்கட்டும். எங்கண்ணன் வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். கூடப்பிறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது வேறு மடியில் பிள்ளையை வைத்தால் அவன் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. தெரிந்துதான் சொன்னேன்.

சேதி ராஜபாளையம் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் மதினியும் வந்து இறங்கினார்கள். அவன் தனக்கென்று வாங்கிய டூ-இன்-ஒன் டேப் ரேடியோவைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான்.

"மருமகன் பேச்ச டேப்புல பிடிச்சு வச்சுக்கலாம்னு வந்தோம்" என்றான். காதுகுத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. கேட்க அவனுக்குப் பயம். சொல்ல எனக்கு வீம்பு. மதினிக்குத் தண்ணீர் கொடுத்தேன், முகம் கொடுக்கவில்லை.

கேசட்டில் எங்கே காலியாக இருக்கிறது என்று தேடி அங்கங்கே ஓடவிட்டுப் பார்த்தான். பாட்டு வந்தது. கொஞ்சம் தள்ளி ஓடவிட்டான். ஆம்பிளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு சீனிச்சாமியின் குரல்.

"ஏலே, சும்மா நிக்காத, நட. நடந்தாத்தான் கசங்கும். புதுச் சீலைன்னு தெரிஞ்சா மெட்ராஸ் ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ்காரன் டூட்டி போட்டுருவான். அந்தப் பவுடரையும் பூசு. பொம்பள கட்டுன மாதிரி இருக்கட்டும்."

"காலத் தடுக்குதுய்யா. சிரிக்காதிய." அது என் அண்ணன் குரல்.

"அது சரி, கடை கடையா அலைஞ்சு மஞ்சப்பொடி எதுக்குலே வாங்குன?"

"மஞ்ச வைக்காம புதுச எப்படிய்யா உடுத்த? எந்தங்கச்சி கட்டப்போற சீலை. அவளுக்கு ஆகாதுல்லா."

அண்ணன் பதறிப்போய் எல்லாப் பட்டனையும் அமுக்கினான். சத்தம்தான் கூடியது. சிங்கப்பூரில் தங்கியிருந்த அறையில் டேப்பைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று சீனிச்சாமி எதையோ தட்டிவிட்டிருக்கிறார். பதிவானது ஒருவருக்கும் தெரியவில்லை.

"கட்டுன பொண்டாட்டி, எங்கிட்டயே இவிய சொல்லல பாரு" என்று மதினி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவளை என்னென்ன நினைத்துவிட்டேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"ஏண்ணே, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்லுவேன்? ஆம்பள கட்டுன சீலைன்னா நீ கட்டுவியா?" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

தையில் மாரியம்மன் கோயிலில் காதுகுத்து. நான் மயில்கழுத்துச் சீலை கட்டியிருந்தேன். அண்ணன் மருமகனை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். எதிரே அவன் கொண்டுவந்த சீர்த்தட்டில் பழம், தேங்காய், எனக்கு ஒரு பட்டுச்சீலை. அத்தனை பேருக்கும் முன்னால் அதை எடுத்து ஓரம் ஓரமாகத் திருப்பிப் பார்த்தேன். சனம் முகத்தைச் சுளித்தது.

"இத யாரும் கட்டலையாண்ணே?"

"புதுசு தாயி. யாரும் தொட்டுக்கூடப் பாக்கல" என்றான், பயந்துபோய்.

"அப்ப எனக்கு வேண்டாம். நீ ஒருக்கா கட்டிட்டுக் குடு."

மதினியைத் தவிர யாருக்கும் விளங்கவில்லை. அண்ணன் பிள்ளையின் மொட்டைத் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஆசாரி அப்போதுதான் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது. தாய்மாமன்தான் அழுதான்.